கவாத்துக் கத்தரியைத் தெரிந்தெடுத்தலும் உபயோகித்தலும்

தோட்டப் பயிர் செய்வோர் எருவுக்கும் மருந்துக்கும் செலவாகும் பணத்தைக் கணக்குப் பார்ப்பதுபோலக் கவாத்துச் செய்யும் ஆயுதத்தைக் கணக்கில் வைப்பதில்லை. கையில் அகப்பட்ட அரிவாளோ, சந்தையில் மலிவாய்க் கிடைத்த கத்தரியோ போதும் என்பதே பெரும்பாலோர் எண்ணம். ஆனால் கவாத்து என்பது செடியின் உடலில் வேண்டுமென்றே உண்டாக்கும் காயமாகும். அக்காயம் ஒழுங்காயிருந்தால் செடி புதுத் துளிர் விட்டுச் செழிக்கும். நைந்தும் கிழிந்தும் இருந்தால் அதன் வழியே நோய் நுழையும். இக்குற்றம் வெட்டிய அன்றே தெரிவதில்லை. சில வாரங்களோ மாதங்களோ சென்று, கிளையின் நுனி கருகிக் கீழ்நோக்கிக் காய்ந்து வரும்போது, எருவையும் மழையையும் மண்ணையும் நொந்துகொள்வது வழக்கமாயிருக்கிறது. கத்தரியை நோவார் அரியர்.

மரத்தின் காயம்

மனிதருக்குக் காயம் பட்டால் அவ்விடத்திலேயே புதுத் தசை வளர்ந்து ஆறிவிடுகிறது. மரத்தின் இயல்பு அவ்வாறன்று. வெட்டுப்பட்ட கட்டை மீண்டும் உயிர் பெறுவதில்லை. மரம் அப்பகுதியைச் சுற்றிச் சுவர் எழுப்பியதுபோல் ஒதுக்கிவைத்து, அதன்மேல் புதுப் பட்டையை வளர்த்து மூடிவிடுகிறது. அமெரிக்க வனத்துறையைச் சேர்ந்த அலெக்ஸ் ஷைகோ என்பவர் ஏராளமான மரங்களைப் பிளந்து ஆராய்ந்து, இவ்வுண்மையை 1977-ஆம் வருஷத்தில் விளக்கமாக வெளியிட்டார். கிளை தாய்மரத்தோடு சேருமிடத்தில் சிறிது புடைத்த வளையம் ஒன்று காணப்படும். காயத்தை மூடும் சக்தி அவ்வளையத்திலேயே இருக்கிறது. ஆகையால் கிளையை முழுவதும் நீக்கும்போது அவ்வளையத்தைச் செதுக்கிவிடாமலும், நீண்ட முளையை விட்டுவிடாமலும், வளையத்தை ஒட்டி வெட்ட வேண்டும். அரிவாள் வீச்சில் இவ்வளவு நுட்பம் வாய்ப்பது கடினம்; நல்ல கத்தரிக்கு எளிது.

இருவகைக் கத்தரிகள்

ஐரோப்பாவின் திராட்சைத் தோட்டங்களிலும் முற்காலத்தில் வளைந்த கத்தியே வழங்கிவந்தது. பிரான்ஸ் தேசத்தில் மந்திரியாயிருந்த பெர்த்ரான் த மோல்வீல் என்பவர் 1815-ஆம் வருஷத்தையொட்டி ஒரு கையால் பிடித்து வெட்டும் கத்தரியை அமைத்தார் என்பர். இன்று கடைகளில் கிடைப்பவை பெரும்பாலும் இரண்டு வகையில் அடங்கும்.

முதல் வகையில், கூரான அலகு ஒன்று வளைந்த மொட்டை அலகை உரசிக் கடந்து செல்லும். துணி வெட்டும் கத்தரியைப் போன்றது இது. பச்சைக் கிளைகளை நசுக்காமல் வெட்டுவதற்கு இதுவே தகுந்தது. இரண்டாம் வகையில், கூரான அலகு ஒரு தட்டையான தகட்டின்மேல் நேராக விழும். அரிவாள்மணையின்றிப் பலகைமேல் வைத்துக் காய் நறுக்குவதை ஒக்கும். இதில் குறைந்த பலத்தில் கெட்டியான காய்ந்த குச்சியையும் வெட்டலாம். ஆனால் பசுந்தண்டு தகட்டின்மேல் அழுந்தி நசுங்கும். ஒரே கத்தரி வாங்கக்கூடிய குடியானவர் முதல் வகையையே வாங்குவது நலம். காய்ந்த கட்டைகளுக்குச் சிறு கைரம்பம் போதுமானது.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை

கடையில் விலையைக் கேட்பதற்கு முன் ஆயுதத்தைச் சோதிப்பது அவசியம்.

1. கத்தரியை மூடி வெளிச்சத்துக்கெதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். இரண்டு அலகுகளுக்கும் இடையே ஒளி தெரியலாகாது.

2. கைப்பிடிகளைப் பக்கவாட்டில் ஆட்டிப் பார்க்க வேண்டும். அச்சாணியில் ஆட்டமிருந்தால் அக்கத்தரி வெட்டாது, மெல்லும்.

3. பழைய செய்தித்தாள் ஒன்றை அலகின் அடி முதல் நுனி வரையில் வெட்டிப் பார்க்க வேண்டும். எங்கேனும் தாள் மடிந்து உள்ளே சிக்கினால் அதை விலக்க வேண்டும்.

4. உபயோகிக்கப் போகிறவர் கையிலேயே கொடுத்துப் பார்க்க வேண்டும். இது மிகவும் முக்கியம். பல தோட்டங்களில் கவாத்துச் செய்பவர்கள் பெண்கள். பெரிய கைக்கென்று செய்த கத்தரியை அவர்கள் முழுதும் விரித்துப் பிடிக்க முடியாது. நாள் முழுதும் வேலை செய்தால் மணிக்கட்டு வீங்கும். கை சோர்ந்த பின் வெட்டும் கெடும். நீளம் 8 அங்குலமுள்ள கத்தரி பெரிய கைக்குப் பொருந்தும். சிறிய கைக்கு அதனினும் குட்டையானதே ஏற்றது.

5. சுருள்வில்லும் அலகும் தனியே விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும். திருகைக் கழற்றி அலகை மாற்றக்கூடிய கத்தரி முதலில் விலை அதிகமானாலும் பல வருஷம் உழைக்கும். ஆணியடித்து இறுக்கிய மலிவுக் கத்தரி பழுதானால் எறிய வேண்டியதுதான்.

வெட்டும் முறை

சாதாரணக் கைக்கத்தரி சுமார் 2 செ.மீ. கனம் வரையிலுள்ள கிளைக்கே உரியது. அதாவது, பெருவிரல் கனத்துக்கு மேற்பட்ட கிளையில் அதைப் புகுத்தலாகாது. அதற்கு மேல் நீண்ட பிடியுள்ள இருகைக் கத்தரியும், இன்னும் பருத்ததற்கு ரம்பமும் வேண்டும்.

கிளையை அலகின் நுனியில் வைத்து வெட்டுவது தவறு. அச்சாணிக்கு அருகே உட்செலுத்தி வெட்டினால் பலம் பாதியாய்க் குறையும். வெட்டும் நேராக விழும். வெட்டு முடியாதபோது கத்தரியை முறுக்கித் திருகும் பழக்கம் எங்கும் காணப்படுகிறது. ஒருமுறை முறுக்கினால் அலகுகள் விலகி, அன்றுமுதல் அது ஒவ்வொரு கிளையையும் நசுக்கும். முறுக்க வேண்டி வந்தால் ரம்பத்தை எடுக்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்று அறிக.

மொட்டை அலகு அழுத்தும் பக்கத்தில் பட்டை சிறிது நைவது இயல்பு. ஆகையால் கூரான அலகு செடியில் நிற்கும் பகுதியை ஒட்டியும், மொட்டை அலகு வெட்டி எறியப்படும் பகுதியின் பக்கமும் இருக்கும்படி பிடிக்க வேண்டும். நைந்த பாகம் குப்பைக்குப் போகும். செடியில் சுத்தமான வெட்டு நிற்கும். கத்தரியைத் திருப்பிப் பிடிப்பதற்கு ஒரு காசும் செலவில்லை.

பயிருக்கேற்ற வெட்டு

ரோஜாவில் கணுவுக்கு ஒரு மொட்டு. வெளிப்புறம் நோக்கிய மொட்டுக்கு அரை செ.மீ. மேலே, மொட்டுக்கு எதிர்ப்புறம் சரியும்படி சாய்வாக வெட்ட வேண்டும். நீர் மொட்டின்மேல் வடியாது. புதுக்கிளையும் செடியின் நடுவே நெருங்காது. மல்லிகையிலோ இலைகளும் மொட்டுகளும் எதிரெதிராக இணைந்திருக்கும். அங்கே சாய்வாக வெட்டினால் ஒரு மொட்டு பழுதாகும். ஆகையால் இணைக்கு மேலே நேராக வெட்டுவதே முறை. குண்டுமல்லியை நவம்பர் கடைசி வாரத்தில் தரையிலிருந்து 50 செ.மீ. உயரம் விட்டுக் கவாத்துச் செய்வது தமிழ்நாட்டில் சிபாரிசு செய்யப்பட்டுள்ளது. வேலை சீக்கிரம் முடியட்டும் என்று நாலைந்து குச்சிகளை ஒன்றாய்ச் சேர்த்து வெட்டுவோர் உண்டு. அவற்றில் முதற்குச்சி வெட்டுப்படும், மற்றவை கிழிபடும்.

கம்பம் பள்ளத்தாக்கின் பன்னீர் திராட்சையில் டிசம்பர்-ஜனவரியிலும், மறுபடி மே-ஜூனிலும் கவாத்து நடைபெறும். திராட்சைக் கொடியின் நடுவே நெட்டி இருப்பதால் வெட்டிய முனை சிறிது உள்வாங்கிக் காயும். ஆகையால் கடைசி மொட்டுக்கு மேல் சுமார் 2 செ.மீ. விட்டு வெட்ட வேண்டும். பந்தற் கம்பியை ஒட்டிய கொடியை வெட்டும்போது கம்பியில் அலகு படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியில் ஒருமுறை பட்ட அலகில் பல் விழும். அப்பல் பின் வெட்டும் ஒவ்வொரு கொடியிலும் கீறலாய்ப் பதியும்.

நோயைச் சுமக்கும் அலகு

கூர் மழுங்குவதினும் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. ஒரு செடியின் சாற்றை அலகு அடுத்த செடியின் காயத்தில் கொண்டுபோய்ப் பூசுகிறது. ஆரஞ்சு, எலுமிச்சை வர்க்கத்தில் எக்சோகார்ட்டிஸ் என்னும் நோய் மரத்தைக் குட்டையாக்கி, அடித்தண்டின் பட்டையை உரியச் செய்வது. ரங்பூர் எலுமிச்சை போன்ற வேர்ச்செடிகளில் இதன் கொடுமை வெளிப்படும். வேறு சில வேர்ச்செடிகளின்மேல் கட்டிய மரங்கள் எவ்விதக் குறியுமின்றி நோயைச் சுமந்து நிற்கும். இந்நோய் ஒட்டுக்கத்தியினாலேயே மரத்துக்கு மரம் பரவுகிறது என்பதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1967-ஆம் வருஷத்தில் நிரூபித்தனர். பார்வைக்கு ஆரோக்கியமாயிருக்கும் மரத்தை வெட்டிய கத்தரியும் சுத்தமானதென்று நம்புவதற்கில்லை. மாதுளையைக் கெடுக்கும் பாக்டீரியாக் கருகல் நோயும் கவாத்துக் கத்தரி வழியாய்ப் பரவும்.

இதற்குப் பரிகாரம் எளிது. மருந்துக்கடையில் கிடைக்கும் நூற்றுக்கு 70 பங்குள்ள ஸ்பிரிட்டில் துணியை நனைத்து, ஒரு செடி முடிந்து மறு செடிக்குப் போகும்முன் அலகுகளை நன்றாகத் துடைக்க வேண்டும். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அருகே பீடி கொளுத்தலாகாது. ஆனால் எக்சோகார்ட்டிஸ் போன்றவற்றுக்கு ஸ்பிரிட் போதாது. அங்கே, துணி வெளுக்கும் சோடியம் ஹைப்போகுளோரைட் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் ஒன்பது பங்கு சேர்த்து அதில் அலகைத் தோய்க்க வேண்டும். இக்கரைசலை அன்றன்று புதிதாய்க் கலப்பது அவசியம். இரண்டு கத்தரிகள் இருந்தால் ஒன்று கரைசலில் இருக்கும்போதே மற்றதால் வேலை நடக்கும். இத்திரவம் இரும்பை அரிக்கும். ஆகையால் மாலையில் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்து எண்ணெயிட வேண்டும்.

நோயுள்ள செடிகளைக் கடைசியில் வெட்டுவதும், மழை வருமுன் காயம் உலரும்படி வறண்ட நாளில் வேலை செய்வதும் நலம். கூலிக்குக் கவாத்துச் செய்வோர் நேற்று எந்தத் தோட்டத்தில் வெட்டினார்களென்று தோட்டக்காரருக்குத் தெரியாது. ஆகையால் தம் தோட்டத்துக்கென்று சொந்தக் கத்தரிகளை வைத்திருந்து அவர்கள் கையில் கொடுப்பதே பத்திரமான வழி.

மாதுளை முதலிய மரங்களில் பெருவிரல் கனத்துக்கு மேற்பட்ட வெட்டுக்குப் போர்டோ பசை தடவலாம். மயில்துத்தம் 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரிலும், சுட்ட சுண்ணாம்பு 1 கிலோவை 5 லிட்டர் தண்ணீரிலும் தனித்தனியே கரைத்து, பிறகு ஒன்றாய்க் கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் உதவாது. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே வேண்டும்.

தீட்டுதலும் பாதுகாத்தலும்

கூரான அலகின் ஒரு பக்கம் சரிவாயும், மறுபக்கம் தட்டையாயும் இருக்கும். சரிவான பக்கத்தை மட்டும், அது முதலில் இருந்த சரிவு மாறாமல், அடியிலிருந்து நுனி நோக்கி ஒரே திசையில் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தில் கல்லைப் படுக்கவைத்து ஒருமுறை இழுத்துப் பிசிரை எடுத்தால் போதும். இரண்டு பக்கமும் தீட்டினால் அலகுகளுக்கிடையே இடைவெளி விழுந்து கத்தரி பாழாகும். மொட்டை அலகைத் தீட்டவே கூடாது. வேகமாய்ச் சுழலும் சாணையில் கொடுத்தால் எஃகு சூடேறிப் பதம் கெடும், கைக்கல்லே உத்தமம்.

பிசின் ஒட்டியிருந்தால் மண்ணெண்ணெய்த் துணியால் துடைக்க வேண்டும். அச்சாணியிலும் சுருள்வில்லிலும் தையல் இயந்திர எண்ணெய் ஒரு துளி விட்டு, தாழைப் போட்டு மூடி, ஈரமில்லாத இடத்தில் தொங்கவிட வேண்டும். மண்ணில் எறிந்த கத்தரி மறுநாள் துருவோடுதான் கிடைக்கும்.

ஒரு கவாத்தின் பலன் அடுத்த அறுவடை வரையிலும், பல மரங்களில் அதற்கப்பாலும் நிற்கும். ஒரு மரம் காய்க்கும் பருவத்துக்கு வளரப் பல வருஷங்கள் ஆகின்றன; அதை நோயாளியாக்க அழுக்கான அலகின் ஒரு வெட்டு போதும். ஆகையால் தோட்டக்காரர்கள் கத்தரியையும் எருவைப் போலவே பயிருக்கு வேண்டிய செலவென்று கருதி, நல்லதை வாங்கி, கூராகவும் சுத்தமாகவும் வைத்துப் பயனடைவார்களாக.