உங்களுக்குத் தெரியுமா? பெரியாறு அணையும் சீனத் துப்பாக்கியும் ஒரே வயசு!

கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களே, 1895 என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பெரியாறு அணை! அதே 1895-லதான் சீனாவின் ஹன்யாங் ஆயுதச் சாலையில் ரைஃபிள் தயாரிப்பு தொடங்கியது. பேர் ஹன்யாங் 88. இங்கே தண்ணி திறந்த வருஷம், அங்கே தோட்டா பாய்ந்த வருஷம்!

தேதியையும் பாருங்கள். மதராஸ் கவர்னர் வென்லாக் பிரபு அணையைத் திறந்து வைத்தது அக்டோபர் 10. சரியாக 16 வருஷம் கழித்து, 1911 அக்டோபர் 10-ல், ஹன்யாங்குக்கு அக்கரையில் இருக்கும் வூசாங்கில் பட்டாளத்துக்காரர்கள் கலகத்தில் குதித்தார்கள். இரண்டே நாளில் ஆயுதச் சாலை அவர்கள் வசம்! நாலே மாதத்தில் சீனப் பேரரசர் முடி துறந்தார். அப்போது அவருக்கு வயசு 6!

இப்போது சொல்லப்போவதைத் தேனியிலேயே பல பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். பொறியாளர் பென்னிகுக் பெரியாறு அணையைக் கட்டியபோது காட்டுக்குள் பாடுபட்டவர்களில் ராணுவத்தினரும் உண்டு. மதராஸ் பயனியர் படையின் 1-வது, 4-வது பட்டாலியன்கள்! ஒரு தோளில் ரைஃபிள், இன்னொரு பக்கம் மண்வெட்டியோ கடப்பாரையோ. ரோடு போடுவார்கள், பாறை உடைப்பார்கள், சண்டை வந்தால் சுடுவார்கள். அதில் 1-வது பட்டாலியன் 1900-ல் எங்கே கப்பலேறியது தெரியுமா? சீனாவுக்கு! அங்கே வெளிநாட்டவரை எதிர்த்து எழுந்த பாக்ஸர் கலகத்தை அடக்கப் போன படையில் நம் அணையைக் கட்டிய பட்டாளம்! எதிரே நின்ற சீனப் படைகளிடம் இருந்தவற்றில் ஜெர்மன் மவுசர் ரைஃபிள்களும் உண்டு! லோயர் கேம்ப் பென்னிகுக் மணிமண்டபத்துக்குப் போகும்போது அவரோடு இவர்களையும் ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள்.

ஹன்யாங் 88-ஐக் கிட்டத்தில் பார்ப்போமா? 5 தோட்டாக்களை ஒரு தகர கிளிப்போடு அப்படியே மேலிருந்து உள்ளே அழுத்த வேண்டும். கடைசித் தோட்டா குழலுக்குள் ஏறியதும், காலி கிளிப் அடியில் உள்ள ஓட்டை வழியாகத் தானாக 'டக்' என்று கீழே விழும்! அதே ஓட்டை வழியாகச் சேறும் உள்ளே போகும். சகதியில் படுத்துச் சுட்டவன் பாடு திண்டாட்டம்தான்!

மூல டிசைன் ஜெர்மனியின் 1888 மாடல். பத்தே வருஷத்தில் ஜெர்மனி புது மாடலுக்கு மாறிவிட்டது. சீனா விட்டதா? 1944 வரை செய்துகொண்டே இருந்தது! மொத்தம் 10 லட்சத்துக்கும் மேல்!

சீனத் தேசியவாதத் தலைவர் சியாங் கை ஷேக்கின் படையிடமும் அதே ரைஃபிள். அவரை எதிர்த்த கம்யூனிஸ்ட் படையிடமும் அதே ரைஃபிள்!

சியாங் கை ஷேக்கின் பெயரிலேயே ஒரு ரைஃபிள் வந்தது. 1935-ல்! இது மவுசர் வம்சம்.

தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் ரைஃபிளை 1910-களிலேயே வடிவமைத்துவிட்டார் ஒரு சீன ஜெனரல். பேர் லியூ. செய்வதற்கு அமெரிக்காவிலிருந்து மிஷின்கள்கூட வாங்கியாயிற்று. பாவம், அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. அந்த ரைஃபிள் பட்டாளத்தின் கைக்கு வரவே இல்லை!

1919-லிருந்து சீனாவுக்கு ஆயுதம் விற்க வல்லரசுகள் தடை போட்டன. 10 வருஷத் தடை! சீன மாகாணங்களை ஆண்ட யுத்தப் பிரபுக்கள் சும்மா இருப்பார்களா? மவுசர் பிஸ்டலை மூட்டை மூட்டையாக இறக்கினார்கள். அதன் உறை மரப்பெட்டி. பெட்டியைப் பிடியின் பின்னால் மாட்டினால் தோளில் வைத்துச் சுடும் குட்டி ரைஃபிள் ரெடி!

ஷான்சி மாகாணத்து யுத்தப் பிரபு யான் ஷிஷான் இன்னும் கில்லாடி. அவர் ஊர்த் தொழிற்சாலையில் அமெரிக்க .45 தோட்டா போடும் தாம்சன் துப்பாக்கி தயாரானது. அதே தோட்டாவே போதும் என்று மவுசர் பிஸ்டலையும் .45-க்குப் பெரிதாக்கிச் செய்துவிட்டார். ஜெர்மனிக்காரன்கூடச் செய்து விற்காத சைஸ்!

ரைஃபிள் பற்றாக்குறையா? வாளை எடு! 1933-ல் சீனப் பெருஞ்சுவரின் ஷிஃபெங்கோ கணவாயில் ஜப்பான் பட்டாளத்தை ராத்திரியில் பெரிய வாள்களோடு பாய்ந்து வெட்டினார்கள் சீன வீரர்கள்!

கடைசியாக ஒன்று. 1942-ல் பர்மாவிலிருந்து பின்வாங்கிய சீனப் படையின் ஒரு பகுதி எங்கே வந்து சேர்ந்தது? இந்தியாவுக்கு! இன்றைய ஜார்க்கண்டில் உள்ள ராம்கரில் அமெரிக்கர்கள் அவர்களுக்குப் புது ஆயுதம் கொடுத்துப் பயிற்சி தந்தார்கள். சீனாவிலிருந்து விமானத்திலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். இந்திய மண்ணில் துப்பாக்கி பழகிய சீனச் சிப்பாய்கள் 50,000 பேருக்கும் மேல்!