கதவுக்கு அந்தப் பக்கம் 30 மதிப்பெண்

ஆராய்ச்சிப் படிப்புக்கான நேர்காணலில் என்ன கேட்பார்கள் என்பது எல்லோருக்கும் உள்ள கவலை. அதற்கு எவ்வளவு எடை என்பது பலர் கவனிக்காத விஷயம்.

சேர்க்கைக் காலத்தில் தில்லியிலோ ஹைதராபாத்திலோ ஏதாவது ஒரு மத்தியப் பல்கலைக்கழகத்தின் துறை வராந்தாவில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். பிளாஸ்டிக் ஃபைலில் அசல் சான்றிதழ்கள், மடிப்புப் படாமல் கொண்டுவந்த ஆய்வுத் திட்டம், நீண்ட ரயில் பயணத்தில் கசங்கிப்போன சட்டை. வெளியே வருகிறவரை மற்றவர்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். 'என்ன கேட்டாங்க?' பதில் ஆளுக்கு ஆள் மாறுகிறது. ஒருவரிடம் ஆய்வு முறையியல், இன்னொருவரிடம் எம்.ஏ.வில் படித்த பாடம், மூன்றாமவரிடம் 'ஊர் எது, அப்பா என்ன செய்கிறார்?' உள்ளே கழியும் அந்தப் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று யாரும் கேட்பதில்லை.

இந்தக் கணக்கு 2016-க்குப் பிறகு மட்டும் மூன்று முறை மாறியிருக்கிறது. அந்த ஆண்டு பல்கலைக்கழக மானியக் குழு கொண்டுவந்த விதிகளின்படி நுழைவுத் தேர்வு வெறும் தகுதித் தேர்வு ஆயிற்று. 50 சதவீதம் எடுத்துவிட்டால் போதும், பிறகு எல்லாம் நேர்காணல். தில்லி ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் அதுவரை எழுத்துத் தேர்வுக்கு 70, 'வைவா'வுக்கு 30 என்று இருந்தது. 2017 சேர்க்கையில் வைவாவே முழு எடையும் பெற்றபோது அங்கே போராட்டம் வெடித்தது. 2018-இல் மானியக் குழு விதியைத் திருத்தி, தேர்வுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30 என்று பழைய விகிதத்துக்கே வந்தது. 2024-இல் மறுபடி ஒரு மாற்றம்: பல்கலைக்கழகங்கள் தனித்தனியாக நுழைவுத் தேர்வு நடத்துவதற்குப் பதில் 'நெட்' மதிப்பெண்ணையே பயன்படுத்தலாம். அதில் 70 சதவீதம் நெட், 30 சதவீதம் நேர்காணல். ஆனால் நெட்டில் முன்வரிசையில் வந்து ஜூனியர் ரிசர்ச் ஃபெல்லோஷிப் பெற்றவர்களுக்கு இந்த 70:30 கிடையாது. அவர்களுக்கு நேர்காணல் அடிப்படையிலேயே சேர்க்கை. தேர்வில் மிக நன்றாக எழுதியவர்களின் தலைவிதிதான் முழுக்க முழுக்க அந்த அறைக்குள் எழுதப்படுகிறது என்பது விசித்திரம்தான்.

30 என்பது சிறிய எண்ணாகத் தோன்றலாம். ஒரு கற்பனைக் கணக்கு: எழுத்தில் 70-க்கு 48 வாங்கியவருக்கு நேர்காணலில் 6, 41 வாங்கியவருக்கு 24. கூட்டினால் 54-ம் 65-ம். எழுத்தில் பலரும் ஐந்தாறு மதிப்பெண் இடைவெளிக்குள் நெருக்கியடித்து நிற்க, நேர்காணலில் இருபது மதிப்பெண் தாராளமாக ஏறி இறங்கும். பட்டியலைத் தீர்மானிப்பது 30-தான்.

நீதிமன்றங்களுக்கு இந்தச் சந்தேகம் புதியதல்ல. ஸ்ரீநகர் மண்டலப் பொறியியல் கல்லூரியின் 1979-80 சேர்க்கையில் எழுத்துத் தேர்வுக்கு 100, நேர்காணலுக்கு 50. ஆளுக்கு இரண்டு மூன்று நிமிடம்கூடப் பேசவில்லை, பெற்றோர் யார், வீடு எங்கே என்பதுபோன்ற கேள்விகள்தான் கேட்டார்கள் என்று மாணவர்கள் உச்சநீதிமன்றம் சென்றார்கள். அஜய் ஹாசியா வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிப்பது இதைத்தான். 1980 நவம்பரில் வந்த தீர்ப்பு, மொத்த மதிப்பெண்ணில் மூன்றில் ஒரு பங்கை நேர்காணலுக்கு ஒதுக்குவது தன்னிச்சையானது, 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றது. தீர்ப்பு பிளஸ் டூ முடித்துப் பொறியியல் சேர்வோரைப் பற்றியது. ஆராய்ச்சிக்கு வேறு அளவுகோல் வேண்டும் என்று வாதாட இடமிருக்கிறது. ஆனால் ஜே.என்.யு. அமைத்த அப்துல் நாஃபே குழு 2016-இல் தன் பல்கலைக்கழகத்தின் மதிப்பெண்களையே ஆராய்ந்துவிட்டு ஏறக்குறைய அதே இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணுக்கும் வைவா மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசம் சமூகப் பிரிவுக்கு ஏற்பத் தொடர்ந்து ஒரே போக்கில் இருப்பதைக் கண்ட அந்தக் குழு, வைவாவை 30-இலிருந்து 15-ஆகக் குறைக்கச் சொன்னது.

'வைவா வோசி' என்ற லத்தீன் தொடருக்கு 'உயிர்க்குரலால்' என்று பொருள். தமிழில் 'வாய்மொழித் தேர்வு' என்கிறோம். அந்தக் குரல் எந்த மொழியில் ஒலிக்கிறது என்பதில்தான் சிக்கல். தில்லியில் ஆங்கிலம் தடுமாறினால் பீகார் மாணவர் இந்திக்குத் தாவிவிடலாம், குழுவில் பெரும்பாலானோருக்குப் புரியும். திருவண்ணாமலையிலிருந்து வந்தவருக்கு அந்த மாற்றுப் பாதை இல்லை. தமிழ்நாட்டில் பிளஸ் டூ மதிப்பெண்ணும் கவுன்சலிங்கும்தான் பெரும்பாலான மாணவர்களைக் கல்லூரிக்குள் அனுப்புகின்றன. அதனால் பலருக்கும் படிப்புக்காகச் சந்திக்கும் முதல் நேர்காணலே முனைவர் பட்டத்துக்கானதாக இருக்கிறது. இருபத்து நான்கு வயதில், அறிமுகமில்லாத ஐந்தாறு பேராசிரியர்கள் முன்னால், அரைகுறையாய்ப் பழகிய மொழியில். திணறுவதில் வியப்பில்லை.

ஆனாலும் அறைக்குள் நடப்பது முழுக்க மர்மம் அல்ல. எதைப் பார்க்க வேண்டும் என்று 2016 விதிகளே சொல்லியிருந்தன: உத்தேசித்த ஆய்வைச் செய்யும் திறன் மாணவருக்கு இருக்கிறதா, அந்த ஆய்வை அந்த நிறுவனத்தில் செய்ய முடியுமா, அது அறிவுக்குப் புதிதாக ஏதேனும் சேர்க்குமா. நல்ல குழுவின் கேள்விகள் இந்த மூன்றையும் சுற்றியே வரும். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்ற முதல் கேள்வி பெரும்பாலும் பதற்றம் தணிக்கத்தான். குடும்ப வரலாறு வேண்டாம், எம்.ஏ.வில் எதைப் படித்தபோது இந்தத் தலைப்பு பிடித்தது என்று தொடங்கினால் அடுத்த கேள்வி தானாக ஆய்வுத் திட்டத்துக்கு வந்துவிடும். இதே தலைப்பில் ஏற்கெனவே யார் எழுதியிருக்கிறார்கள்? அவர்களிடமிருந்து எங்கே விலகுகிறீர்கள்? ஆவணங்கள் எங்கே கிடைக்கும்? இதை ஏன் சென்னையிலோ மதுரையிலோ செய்யக் கூடாது, எதற்கு இங்கே? குறைந்தபட்சம் மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு, அதற்குள் முடியுமா? இவற்றுக்குத் தமிழில் தெளிவான விடை வைத்திருப்பவருக்கு ஆங்கிலச் சொல் எப்படியும் அகப்படும். வேறொருவர் எழுதிக் கொடுத்த திட்டத்தோடு போகிறவர் சரளமாகப் பேசினாலும் மூன்றாவது கேள்வியில் மாட்டிக்கொள்வார். நூல்பட்டியலில் உள்ள ஒரு புத்தகத்தின் பெயரைச் சொல்லி 'இதில் என்ன சொல்லியிருக்கிறார்?' என்று கேட்பது குழுக்களின் பழைய பழக்கம். படிக்காததைப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே பாதுகாப்பு. தெரியாததைத் தெரியாது என்று சொல்லலாம். யாரும் முகம் சுளிப்பதில்லை. சுற்றி வளைத்தால்தான் துருவுவார்கள்.

உடை, கைகுலுக்கல், புன்னகை பற்றியெல்லாம் பயிற்சி மையங்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்லித்தருகின்றன. மேலாண்மைப் படிப்புக்கு அது ஓரளவு பயன்படலாம். இங்கே பெரிதாக எடுபடாது.

மாணவர்கள் விசாரிக்க மறக்கும் இன்னொரு விஷயம் காலியிடம். ஒரு பேராசிரியர் ஒரே சமயத்தில் 8 பேருக்கும், இணைப் பேராசிரியர் 6 பேருக்கும், உதவிப் பேராசிரியர் 4 பேருக்கும்தான் வழிகாட்டலாம். குறிப்பிட்ட துறையில் ஒரே வல்லுநர்தான், அவரிடமும் இடம் நிரம்பிவிட்டது என்றால் எவ்வளவு அருமையாகப் பதில் சொன்னாலும் பெயர் வராது. வெளியே வந்தவர் தன் ஆங்கிலத்தை நொந்துகொண்டிருப்பார், காரணம் அந்த எண்ணிக்கையாக இருக்கும். துறையின் ஆசிரியர் பட்டியலையும் யாரிடம் எத்தனை இடம் இருக்கிறது என்பதையும் விண்ணப்பிக்கும் முன்பே விசாரித்துவிடுவது, பத்து மாதிரி நேர்காணல்களைவிட மேல்.

எழுத்துத் தேர்வில் அநீதி நடந்ததாகத் தோன்றினால் விடைத்தாளைப் பார்க்கும் உரிமை இருக்கிறது. 2011-இல் உச்சநீதிமன்றம் அதை உறுதிப்படுத்தியது. நேர்காணலுக்கு விடைத்தாள் இல்லை, ஓர் எண் மட்டுமே மிஞ்சும். அஜய் ஹாசியா வழக்கிலேயே நீதிபதிகள் இதை யோசித்திருக்கிறார்கள்: நேர்காணல்களை டேப் ரிக்கார்டரில் பதிவு செய்யலாமே என்றார்கள். டேப் ரிக்கார்டரே வழக்கொழிந்துவிட்ட பிறகும் அந்த யோசனை பெரும்பாலும் காகிதத்திலேயே இருக்கிறது.

அதனால் வெளியே வந்தவுடன் கேட்ட கேள்விகளையும், பேசிய நேரத்தையும் ஒரு தாளில் குறித்துவைத்துக்கொள்வது நல்லது. எழுத்து, நேர்காணல் மதிப்பெண்களைத் தனித்தனியாகக் காட்டாமல் பட்டியல் வெளியானால், தன் மதிப்பெண்ணைத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்கலாம். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய்.