நிலத்துக்கு அடியில் போகும் 'பன்றி'

2015 இல், சுன்னாகத்தில் கிணற்று நீரில் எண்ணெய் கலந்த விவகாரம் பற்றிச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஒரு வீட்டில் அம்மா ஒருவர் வாளித் தண்ணீரை என் முன்னால் வைத்தார். "மணந்து பாருங்கோ தம்பி. நிலத்துக்குக் கீழ நடக்கிறதை ஆர் போய்ப் பாக்கிறது?" என்று கேட்டார்.

அங்கே பிரச்சினை மின் நிலையக் கழிவு எண்ணெய், குழாய் அல்ல. ஆனாலும் அந்தக் கேள்விக்குப் பதில் தேடியபோதுதான், எண்ணெய்க் குழாய்களுக்குள் அனுப்பப்படும் 'பிக்' என்ற கருவியைப் பற்றி அறிந்தேன். பிக் என்றால் பன்றி. குழாய்ச் சுவரில் உரசியபடி போகும்போது எழும் கீச்சொலியால் இந்தப் பெயர் வந்ததாகச் சொல்வார்கள்.

இதை ஓட்டுவதற்குப் பெரும்பாலும் தனி இயந்திரம் தேவையில்லை. குழாயின் ஒரு முனையிலுள்ள அறைக்குள் கருவியை வைத்துக் கதவை இறுக மூடுவார்கள். பின்னாலிருந்து வரும் எண்ணெயின் அழுத்தமே அதைத் தள்ளிக்கொண்டு போகும். மறுமுனையிலுள்ள அறையில் வெளியே எடுப்பார்கள். எண்ணெய் ஓட்டத்தை நிறுத்த வேண்டியதில்லை.

இதில் முக்கியமாக இரண்டு வகை. ஒன்று துப்புரவு செய்வது. அதன் வட்டத் தகடுகளும் கம்பித் தூரிகைகளும் மெழுகு, சேறு, தேங்கிய நீர் எல்லாவற்றையும் வழித்துத் தள்ளும். மற்றையது பரிசோதிப்பது. அதிலுள்ள வலிமையான காந்தங்கள் உருக்குச் சுவரைக் காந்தமாக்கும். சுவர் அரிக்கப்பட்டு மெலிந்த இடத்தில் காந்தப் புலம் வெளியே கசியும். உணரிகள் அதைப் பதிவு செய்யும். சிறு சக்கரங்கள் தூரத்தை அளக்கும். ஆகவே எந்த இடத்தில் தோண்டிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கருவி இருந்தால் மட்டும் போதுமா? அலாஸ்காவைப் பாருங்கள். அங்கே 1,287 கிலோமீற்றர் நீளமான பெருங்குழாய்க்குள் இக்கருவிகள் ஒழுங்காக ஓடின. ஆனால், அதற்கு எண்ணெய் கொண்டுவரும் புருடோ பே வயலின் குழாய் ஒன்றில் 1998 க்குப் பிறகு பரிசோதனைக் கருவி ஓடவில்லை. குழாயின் அடியில் சேறு படிந்து அரிப்பு தொடர்ந்தது. 2006 மார்ச்சில் ஒரு சிறு துளையால் சுமார் 8 இலட்சம் லீற்றர் மசகு எண்ணெய் பனி நிலத்தில் பரவியது. அதைக் கண்டுபிடிக்க வைத்தது ஒரு தொழிலாளியின் மூக்கு.

குறைந்த அழுத்தத்தில், ஆளரவமற்ற இடத்தில் ஓடும் குழாய் என்பதால் அதற்கு அப்போது கூட்டாட்சிப் பாதுகாப்பு விதிகளிலிருந்து விலக்கு இருந்தது. கருவி இருந்தது, கட்டாயம் இருக்கவில்லை. அதே ஆண்டு இன்னொரு குழாய்க்குள் கருவியை ஓட்டியதில், ஓகஸ்டில் கடும் அரிப்பு தெரியவந்தது. 2007 இல் பிபி நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதற்கு 2 கோடி டொலர் செலுத்த நேர்ந்தது.

சுன்னாகத்திலும் முதலில் கண்டுபிடித்தது சனங்களின் மூக்குத்தான். 2019 இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா செலுத்துமாறு மின் உற்பத்தி நிறுவனத்துக்கு உத்தரவிட்டது. அதற்குள் எத்தனை வீடுகள் தண்ணீர்ப் பவுசருக்காகக் காத்திருந்தன.

எங்கள் ஊருக்கு எண்ணெய்த் தாங்கியோ குழாயோ மின் நிலையமோ வரும்போது, வேலைவாய்ப்பைப் பற்றி மட்டும் கேட்டால் போதாது. எதைக்கொண்டு, எத்தனை வருடத்துக்கு ஒருமுறை பரிசோதிப்பீர்கள்? அறிக்கையை எங்களுக்கும் காட்டுவீர்களா? கிணறு மணக்கத் தொடங்கிய பிறகு கேட்பதைவிட, அடிக்கல் நாட்டும் அன்றே கேட்பது நல்லது.