தேய்ந்த தோலாசனத்தைப் புதுக்குதல்

பழைய மோட்டார் வண்டியொன்றின் கதவைத் திறந்தவுடன் நம் கண்ணில் முதலிற் படுவது அதன் இருக்கை. எந்திரம் செம்மையாக ஓடலாம், வெளிப்புறமும் பளபளக்கலாம். ஆயினும் இருக்கையின் தோல் வெளிறி, வெடித்து, ஓரங்களில் நார் தெரியக் கிடக்குமாயின் வண்டி முழுவதுமே மூப்படைந்ததாகத் தோன்றும். அவ்வேளையில் உரிமையாளர் பலர், தோலை உரித்தெறிந்துவிட்டு றெக்சின் தைத்துவிடலாம் என்று முடிவு செய்கின்றனர். அம்முடிவு பெரும்பாலும் அவசரமானது. தேய்ந்த தோலைப் பொறுமையுள்ள எவரும் தம் கையாலேயே செப்பனிட்டு நிறமேற்றலாம். அஃது எவ்வாறு என்பதை எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

நம் நாட்டைப் பொறுத்தவரை இதனை வெறும் அழகு வேலை என்று தள்ளிவிட முடியாது. 1960களில் வெளிநாட்டு வண்டிகளின் இறக்குமதி கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டது. 1977ஆம் ஆண்டின் பின்னரே அக்கட்டுப்பாடு தளர்ந்தது. ஆதலால் அதற்கு முன் வந்திறங்கிய மொறிஸ் மைனர், ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் முதலிய ஆங்கில வண்டிகள் தலைமுறை கடந்தும் ஓடின. யாழ்ப்பாணத்திலே, 1990களில் எரிபொருள் அரிதாகிய காலத்தில், அவை மண்ணெண்ணெயிலும் ஓடின. மீண்டும் 2020ஆம் ஆண்டு மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025ஆம் ஆண்டிலேதான் வழி திறந்தது. உள்ளதைப் பேணிக் காப்பது இங்கு விருப்பம் மட்டுமன்று, தேவையுமாகும். ரோல்ஸ் ரொய்ஸ், ஜகுவார் முதலிய வண்டிகளுக்கு இருக்கைத் தோல் வழங்கிய இலண்டன் நகரத்துக் கொனொலி நிறுவனம் 1878இல் தோன்றியது. அதன் பழைய ஆலை 2002இல் மூடப்பட்டது. அக்காலத்துத் தோலை இழந்தால், அதே தோலை மீண்டும் பெறுதல் எளிதன்று.

முதலில், தேய்ந்திருப்பது எது என்பதை அறிந்துகொள்ள வேண்டும். மாட்டின் தோலில் நுண்ணிய நார்கள் பின்னிப் பிணைந்து கிடக்கின்றன. பச்சைத் தோல் அழுகக்கூடியது. பட்டைச் சாறோ குரோமிய உப்போ கொண்டு பதனிடும்போது அந்நார்கள் அழுகாத் தன்மை பெறுகின்றன. பதனிட்ட தோலுக்கு நெய்ப்பூட்டி மென்மையாக்கிய பின்னர், அதன் முகத்தில் நிறப்பூச்சும், அதன்மேல் நிறமற்ற காப்புப் பூச்சும் இடுகின்றனர். இருக்கைத் தோலின் தடிப்பு ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் எனின், இப்பூச்சுகளின் தடிப்பு அதில் மிகச் சிறியதொரு பங்கே. நாம் நிறம் என்று காண்பது இம்மெல்லிய ஏட்டைத்தான். பெரும்பாலான இருக்கைகளில் தேய்ந்தும் வெடித்தும் போயிருப்பது இந்த ஏடே. அதன் கீழுள்ள தோல் இன்னும் பல ஆண்டுகள் உழைக்கக்கூடியதாக இருக்கும். இவ்வுண்மையை அறியாதவர் நல்ல தோலை வீசிவிடுகிறார்.

தேய்வு எங்கே நேர்கிறது என்று பார்த்தால் அதன் காரணமும் விளங்கும். சாரதியின் இருக்கையில் கதவை அடுத்த வலப்புற ஓரம் முதலில் கெடும். ஏறும்போதும் இறங்கும்போதும் உடலின் பாரம் அங்கேயே உராய்கின்றது. பின்னிருக்கையின் மேல்விளிம்பு வெளிறும். பின்கண்ணாடி வழியாக வெயில் அங்கே விழுகின்றது. சாய்மனையின் மேற்பகுதி கறுத்து ஒட்டும். தலைக்குப் பூசிய எண்ணெயும் வியர்வையும் அங்கே படிகின்றன. உராய்வு, வெயில், எண்ணெய், வியர்வை ஆகிய இந்நான்குமே தோலாசனத்தின் பகைகள்.

வேலை தொடங்குமுன் இரண்டு சோதனைகள் செய்தல் நலம். முதலாவது, அது தோல்தானா என்பது. ஆங்கில வண்டிகள் பலவற்றில் அமரும் பரப்பு மட்டுமே தோலாகவும், பக்கங்களும் பின்புறமும் செயற்கைத் தோலாகவும் அமைக்கப்பட்டன. இருக்கையின் அடியில் மடித்த ஓரத்தைப் புரட்டிப் பாருங்கள். உட்புறம் நார்நாராக இருப்பின் தோல். துணி நெசவு தெரியின் செயற்கைத் தோல். இரண்டாவது, அத்தோலுக்கு இன்னும் உரம் உண்டா என்பது. வெடிப்பின் ஓரத்தை விரலால் மெல்ல இழுக்கும்போது தோல் கிழியாது நின்றால் அதனைக் காக்கலாம். இலேசாக இழுத்தவுடன் கடதாசிபோற் கிழிந்தாலோ, செந்தூளாக உதிர்ந்தாலோ, நார்களே சிதைந்துவிட்டன என்பது பொருள். அதற்குப் பூச்சு மருந்தாகாது. சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுதவேண்டும் என்பது நம் முதுமொழி. அந்நிலையிலும் இருக்கை முழுவதையும் கழிக்க வேண்டியதில்லை. கெட்ட துண்டினை மட்டும் தையல் பிரித்தெடுத்து, அதனையே அளவாகக் கொண்டு புதிய தோல் வெட்டித் தைக்கும்படி குஷன் வேலை செய்பவரிடம் கேட்கலாம்.

இனிச் செயல்முறைக்கு வருவோம். முதற்பணி அழுக்கு நீக்குதல். தையல் மடிப்புகளிலுள்ள தூசியை மென்மையான தூரிகையால் வெளியேற்றுங்கள். பின்னர், காரம் குறைந்த சவர்க்காரத்தை நீரிற் கரைத்து, நுரையை மட்டும் பஞ்சில் எடுத்து, ஒரு சாண் பரப்பாகத் துடைத்து, உடனே ஈரத்தை ஒற்றி எடுங்கள். தோலை நீரில் ஊறவிடுதல் தவறு. சுடுநீர் ஊற்றுதல் பெருந்தவறு. வெந்நீர் பட்ட பழந்தோல் சுருங்கி விறைத்துவிடும், அதனை மீட்க இயலாது. துடைக்கும் துணியில் அழுக்கு வருதல் நிற்கும்வரை இப்பணியைச் செய்யவேண்டும். நிறம் மங்கியதாக எண்ணிய இருக்கை கழுவியவுடனேயே தன் பழைய நிறத்தைக் காட்டுவதும் உண்டு. அவ்வாறாயின் வேலை பாதி குறைந்தது.

தோல் விறைத்திருந்தால் மென்மையூட்டும் தைலத்தை இப்போதே, மெல்லியதாகத் தடவி, ஒரு நாள் ஊறவிடவேண்டும். தோலுக்கென்றே விற்கப்படும் தைலமே ஏற்றது. நம்மவர் பலர் தேங்காயெண்ணெயைப் பூசுகின்றனர். பூசியவுடன் தோல் கறுத்துப் பளபளப்பது உண்மையே. சில வாரங்களில் அவ்வெண்ணெய் சிக்குப் பிடித்துத் தூசியை ஈர்க்கும். பின்னர் இடும் எந்தச் சாயத்தையும் ஒட்டவிடாது. சப்பாத்துப் பொலிஷும் அத்தகையதே. அது தோலுடன் பிணையாமல் மேலே மெழுகாக நிற்பதனால், அமர்பவரின் வெள்ளை வேட்டியிலேதான் அதன் நிறம் இறுதியில் சென்று சேரும்.

அடுத்த பணி மேற்பரப்பைச் சாயத்துக்கு ஆயத்தம் செய்தல். ஐசோபுரொப்பைல் அற்ககோல் எனப்படும் மதுசாரத்தைத் துணியில் நனைத்துத் துடைத்தால் எஞ்சிய எண்ணெயும் மெழுகும் நீங்கும். பின்னர் 400 முதல் 600 வரை இலக்கமிட்ட நுண்ணிய மணற்கடதாசியால் உரிந்த பூச்சின் விளிம்புகளை இலேசாகத் தேய்த்து, கைக்கு மேடுபள்ளம் தெரியாதவாறு செய்யவேண்டும். இங்கே தேய்க்கப்படுவது பழைய பூச்சு, தோலன்று. அதனை நினைவில் வைத்துக் கையின் பாரத்தைக் குறைத்துக்கொள்க. மதுசாரம் எளிதில் தீப்பற்றுவதாகையால், கதவுகள் நான்கையும் திறந்துவைத்து, நெருப்பை அண்டவிடாது வேலை செய்யவேண்டும்.

மூன்றாவது பணி உடைந்ததைச் சீர்செய்தல். தையல் விட்டிருந்தால் முதலில் அதனைத் தைக்கவேண்டும். வலிய நைலோன் நூலை வளைந்த ஊசியிற் கோத்து, பழைய துளைகள் வழியாகவே செலுத்துங்கள். புதுத் துளையிட்டால் தோல் அவ்வரிசையிலேயே கிழியும். கிழிசல் ஊடுருவியிருந்தால், அதன் கீழே கிழிசலைவிடச் சற்றுப் பெரிய துணித் துண்டொன்றை நுழைத்து, காய்ந்தபின்னும் வளையக்கூடிய பசையால் ஒட்டி, விளிம்புகளை நெருக்கி அமர்த்தவேண்டும். வெடிப்புகளுக்குத் தோல் நிரப்பி எனும் பசை விற்கப்படுகின்றது. அதனை மெல்லிய தகட்டுக் கத்தியால் வெடிப்பினுள் அழுத்தி, மிகுதியை வழித்தெடுத்து, காயவிட்டு, மீண்டும் இடவேண்டும். ஒரே முறையில் தடிப்பாக அப்பினால் மேலே காய்ந்தும் உள்ளே காயாதும் நின்று பின்னர் அமிழும். நன்கு காய்ந்தபின் 600 இலக்கக் கடதாசியால் மட்டப்படுத்துக. மரவேலைக்கும் தகர வேலைக்கும் உரிய மக்குகளைத் தோலில் இடலாகாது. அவை வளையமாட்டா, ஒருவர் அமர்ந்தவுடனே பிளந்துவிடும்.

ஒன்றை இங்கே சொல்லவேண்டும். சுருக்கம் வேறு, வெடிப்பு வேறு. பலகாலம் அமர்ந்து எழுந்ததனால் உண்டாகிய சுருக்கங்கள் தோலின் இயல்பு. அவற்றையும் நிரப்பி மட்டமாக்கினால் இருக்கை றெக்சின் போலவே காட்சியளிக்கும்.

நான்காவது பணி நிறமேற்றுதல். இன்று கிடைக்கும் தோற்சாயங்களிற் பெரும்பாலானவை நீரிற் கரைவன. பழைய ஆங்கிலத் தோல்களுக்கோ செல்லுலோசு சார்ந்த பூச்சே வழக்கமாக இடப்பட்டது. எனவே கண்ணிற்படாத ஓரிடத்தில் சிறிது பூசி, காய்ந்தபின் வளைத்தும் நகத்தாற் சுரண்டியும் பார்த்து, ஒட்டுகின்றது என்று உறுதிசெய்த பின்னரே மேலே செல்லவேண்டும். நிறத்துக்கு மாதிரி எடுக்க ஏற்ற இடம், வெயில் படாத அடிமடிப்பு. சாயத்தைப் பகல் வெளிச்சத்திலேயே கலந்து பாருங்கள். மின்விளக்கின் ஒளி கண்ணை ஏமாற்றும். ஈரமாக இருக்கும்போது ஒரு நிறமும் காய்ந்தபின் வேறொரு நிறமும் தோன்றுமாதலால், ஒவ்வொரு கலவையையும் காயவிட்டே ஒப்பிட வேண்டும். பழைய நிறத்தையோ அதனிலும் சற்று ஆழ்ந்த நிறத்தையோ தேர்தல் எளிது. செம்பழுப்பை வெண்மையாக்க முயல்வோர் அதிகம் பூசவேண்டியவராவர். அவர்களது தோல் தன் மென்மையை இழக்கும்.

முதற் பூச்சைப் பஞ்சிலெடுத்து, வெடிப்பும் மடிப்பும் நன்கு ஏற்கும்படி ஒற்றித் தேய்க்கவேண்டும். அது திட்டுத் திட்டாகத் தெரியும். அதனைக் கண்டு மனந்தளர வேண்டியதில்லை. அடுத்து வரும் பூச்சுகளைச் சிறிய விசிறு கருவியாற் பனிபோல் தூவினால் ஒரே சீராக அமையும். கருவி இல்லாதோர் பஞ்சாலேயே மிக மெல்லியதாக இடலாம். ஒவ்வொரு பூச்சும் தொட்டால் ஒட்டாதவாறு காய்ந்தபின்னரே அடுத்தது. மெல்லிய பூச்சு ஐந்து, தடித்த பூச்சு ஒன்றினும் வலிது; தடித்தது விரைவில் ஏடேடாக உரியும். இறுதியில் நிறமற்ற காப்புப் பூச்சை இரண்டு முறை இடுதல் வேண்டும். உராய்வைத் தாங்குவது இதுவே. இதனை விட்டுவிட்டால் முன்செய்த உழைப்பெல்லாம் சில மாதங்களில் உடைகளோடு போய்விடும். காப்புப் பூச்சில் ஒளி மங்கியதும் மின்னுவதும் உண்டு. தோலுக்கு இயல்பானது மங்கியதே.

மழைக்காலத்தில் இவ்வேலையைத் தொடங்குதல் நன்றன்று. ஈரக் காற்றிலே பூச்சு மெல்லவே உலரும். சுடுவெயிலில் செய்தாலும் மேல் மட்டும் விரைந்து காய்ந்து உள்ளீரம் சிறைப்படும். நிழலும் காற்றோட்டமும் உள்ள கொட்டகையே உகந்த இடம். முடிந்தபின் ஒரு நாளேனும் எவரும் அமரலாகாது. பூச்சு முழு வலிமை பெறுவதற்குச் சில நாட்கள் செல்லும். அதுவரை ஈரத்துணியும் படக்கூடாது.

செப்பனிட்ட தோலைப் பேணுதல் கடினமன்று. மாதமொருமுறை ஈரம் பிழிந்த துணியாலே துடையுங்கள். வண்டியை நிழலில் நிறுத்துங்கள். இயலாதபோது பின்கண்ணாடிக்கு மறைப்பிடுங்கள். மழை மிகுந்த பகுதிகளில் நெடுநாள் பூட்டிக்கிடக்கும் வண்டியினுள் பூஞ்சணம் படரும். வெயிலுள்ள நாளில் கதவுகளைத் திறந்து காற்றாட விடுவதே அதற்கு முதல் மருந்து.

இத்துணையும் செய்து முடிப்பதற்கு மூன்று நான்கு நாட்கள் ஆகலாம். அவற்றுள் பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழியும். றெக்சின் தைத்தல் அதனினும் விரைந்து முடியும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த தோல் ஒருமுறை உரித்தெறியப்பட்டால் திரும்பி வராது. உரிக்குமுன் ஒரு மூலையையேனும் கழுவிப் பாருங்கள், இழுத்துப் பாருங்கள். தோல் கிழியாது நின்றால், அது இன்னும் பல ஆண்டுகள் உங்களுக்கு இருக்கை தரும்.