மின்தேக்கியும் கருவியின் ஆயுளும்

விளக்கு, விசிறி, குளிரூட்டி, வாயிற்கதவு ஆகியவற்றை இருந்த இடத்திலிருந்தே இயக்கும் தானியங்கிக் கருவிகள் இன்று நம் அடுக்குமாடி வீடுகளில் இடம்பெற்றுவிட்டன. அவற்றுக்கெல்லாம் ஆணையிடும் கட்டுப்பாட்டுப் பெட்டி சில ஆண்டுகளிலேயே தடுமாறத் தொடங்குவதுண்டு. விளக்கை ஏற்றுமாறு பணித்த நொடியில் பெட்டி தானே அணைந்து மீண்டும் தொடங்கும். பின்னர் ஒரு நாள், மின்தடை நீங்கிய பிறகும் உயிர்பெறாமலே கிடக்கும். கருவியின் மூளை கெட்டுவிட்டதென முடிவுகட்டி அதனைக் கழித்துவிடுவோர் பலர். ஆயினும், பல வேளைகளில் மூளை நலமாகவே இருக்கிறது. அதற்கு உணவூட்டும் உறுப்பே நலிந்திருக்கிறது. அவ்வுறுப்பின் பெயர் மின்தேக்கி.

கடைவழக்கில் 'கெப்பாசிட்டர்' எனப்படும் இவ்வுறுப்பின் பணியைத் தமிழ்ப்பெயரே விளக்கிவிடுகிறது. சிங்கப்பூரின் 17 நீர்த்தேக்கங்களை எண்ணிப் பாருங்கள். மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. குழாய்நீரோ சீராக வரவேண்டும். இடைவெளியை நிரப்புவது தேக்கம். மின்சாரத்திலும் அதுவே நிகழ்கிறது. நம் வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவுறும் மாறுதிசை மின்சாரம். அதனை ஒருதிசைப்படுத்தினால் நொடிக்கு 100 துடிப்புகள் கிடைக்கும். நுண்செயலிக்கோ ஏற்றத்தாழ்வற்ற சிறு மின்னழுத்தம் வேண்டும். துடிப்பு உயர்கையில் தேக்கிவைத்துத் தாழ்கையில் வழங்குவது மின்தேக்கியின் கடமை.

இவ்வகைக் கருவிகளில் காணப்படும் உருளை வடிவத் தேக்கியினுள் அலுமினியத் தாள்கள் சுருட்டப்பட்டிருக்கும். அவற்றின் இடையே மின்பகு நீர்மத்தில் நனைந்த காகிதம் இருக்கும். வெப்பத்தால் அந்நீர்மம் அடியிலுள்ள ரப்பர் அடைப்பின் வழியே சிறிது சிறிதாகக் கசிந்து ஆவியாகிறது. ஈரம் வற்ற வற்றத் தேக்கும் திறன் குறைகிறது, உள்தடை கூடுகிறது. விளக்கை ஏற்றும் மின்காந்த நிலைமாற்றிக்கு அந்நொடியில் கூடுதல் மின்னோட்டம் தேவை. நலிந்த தேக்கியால் அதனை ஈய இயலாது. உடனே மின்னழுத்தம் சரிகிறது. நுண்செயலி நின்று, மறுபடியும் தொடங்குகிறது.

இந்நலிவை முன்கூட்டியே கணக்கிடலாம். 105 பாகை செல்சியசில் 2,000 மணி நேரம் உழைக்கவல்ல தேக்கி ஒன்றைக் கொள்வோம். வெப்பம் 10 பாகை குறையுந்தோறும் ஆயுள் ஏறத்தாழ இருமடங்காகும் என்பது பொறியாளர் கைக்கொள்ளும் விதி. பெட்டியினுள் தேக்கியின் வெப்பம் 65 பாகை எனில் ஆயுள் 16 மடங்காகி 32,000 மணி நேரமாகும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் ஓயாது இயங்கும் கருவிக்கு அது மூன்றரை ஆண்டுகளுக்குச் சற்றே மேல். அவ்விடத்திலேயே 5,000 மணி நேரத் தேக்கியைப் பொருத்தினால் ஒன்பது ஆண்டுகள் கிட்டும். காற்றோட்டத்தால் 10 பாகை குறைத்தால் பழைய வகைத் தேக்கியே ஏழாண்டு தாங்கும்.

பழுதுநீக்கத்தில் முதலிடம் பாதுகாப்புக்கே. சுவரினுள் மின்கம்பியோடு நேரே இணைக்கப்பட்ட கருவியை உரிமம் பெற்ற மின்பணியாளரே கையாள வேண்டும். செருகியால் இணைக்கும் கருவியிலும், இணைப்பைத் துண்டித்த பின்னர் முதன்மைத் தேக்கியில் ஏறத்தாழ 325 வோல்ட் எஞ்சியிருக்கக்கூடும். மின்தடையம் ஒன்றின் வழியே அதனை வடித்து, அளவியில் சுழியம் கண்ட பிறகே பலகையைத் தொடவேண்டும். பயிற்சியற்றோர் அதில் இறங்காதிருப்பதே நன்று.

தலை புடைத்த தேக்கியும், அடியில் பழுப்புக் கறை படிந்த தேக்கியும் தம் பழுதைத் தாமே காட்டிவிடும். புறத்தோற்றம் மாறாமலும் தேக்கி நலியக்கூடும். ஆதலின் உள்தடையை அளந்தறிதல் வேண்டும். மாற்றுத் தேக்கியின் கொள்திறன் பழையதற்கு ஈடாகவும், தாங்கும் மின்னழுத்தம் ஈடாகவோ மிகுதியாகவோ இருக்கவேண்டும்; உள்தடை குறைந்த, 105 பாகை வகையே ஏற்றது. உறையிலுள்ள பட்டைக்கோடு எதிர்முனையைக் குறிக்கும். முனைகளை மாற்றிப் பற்றவைத்தால் தேக்கி வெடிக்கக்கூடும். சிங்கப்பூரின் சிம் லிம் டவரிலும் கோலாலம்பூரின் ஜாலான் பாசாரிலும் உள்ள மின்னணு உறுப்புக் கடைகளில் இத்தகைய தேக்கிகள் சொற்ப விலைக்குக் கிடைக்கின்றன.

தேக்கியை மாற்றுவதால் எல்லாக் கருவியும் மீண்டுவிடாது. நுண்செயலியே எரிந்திருக்கலாம், கருவி நம்பியிருந்த இணையச் சேவையை நிறுவனம் நிறுத்தியிருக்கலாம். ஆயினும், சிங்கப்பூரில் மட்டும் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்னணுக் கழிவு சேர்கிறது. ஒரு சிறு உறுப்புக்காக முழுக் கருவியும் அக்குவியலில் சேர்வது தவிர்க்கத்தக்கது.

எல்லோரும் பற்றவைக்கும் கோலை ஏந்தவேண்டும் என்பதன்று நம் கருத்து. பழுதின் இயல்பை அறிந்திருந்தால் போதும். பழுதுநீக்குநரிடம் "பெட்டி வேலை செய்யவில்லை" என்பவருக்குப் புதுப்பெட்டி வாங்குமாறு அறிவுரை கிடைக்கலாம். "நிலைமாற்றி இயங்கும்போது பெட்டி அணைகிறது, மின்வழங்கியின் தேக்கிகளை அளந்து பாருங்கள்" என்பவருக்குப் பழைய பெட்டியே மீளக்கூடும்.