வைரசுக்குச் சீனிச் சட்டை தைத்துக் கொடுப்பது யார், தெரியுமா?

கந்தளாய் என்றதும் குளத்துக்கு அடுத்து நினைவுக்கு வருவது சீனித் தொழிற்சாலைதான். 1990களில் அதன் இயந்திரங்கள் ஓய்ந்தன. ஆனால் ஒரு நாளும் ஓயாத சீனி வேலை ஒன்று இவ்வூரில் எல்லோருடைய உடம்பிலும் நடக்கிறது, தெரியுமா? ஒவ்வொரு கலத்துக்குள்ளும்!

கலம் புதிதாகச் செய்யும் பல புரதங்களில் 14 சீனி அலகுகள் கொண்ட ஒரு கிளை ஒட்டப்படுகிறது. அதன் நுனியில் 3 குளுக்கோசு. அவற்றை வரிசையாக நறுக்கினால்தான் புரதம் ஒழுங்காக மடிந்து உருப்பெறும். நறுக்கும் கத்தரிக்கோல், அல்பா குளுக்கோசிடேசு என்னும் நொதியம்.

டெங்கு வைரசிடம் இந்தக் கத்தரிக்கோல் கிடையாது! மனிதனிடம் புரதம் செய்யும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000. அதனிடம் மொத்தமே 10 புரதங்கள். நம் கத்தரிக்கோலை எடுத்தே அது தன் சீனிச் சட்டையைத் தைத்துக்கொள்கிறது. அந்தப் பத்தை வைத்துக்கொண்டுதான் 2017இல் இலங்கையில் 186,101 பேரைக் காய்ச்சலில் தள்ளியது. 400க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம் மாவட்டத்துக் கிண்ணியா அன்று பட்ட பாட்டை யார் மறப்பார்?

அப்படியானால் கத்தரிக்கோலையே ஒளித்துவைத்தால்? இயற்கை அதை ஏற்கெனவே செய்து காட்டியிருக்கிறது! பிறவியிலேயே இந்நொதியம் பழுதான ஒரு அண்ணனையும் தங்கையையும் பற்றி அமெரிக்க ஆய்வாளர்கள் 2014இல் எழுதினார்கள். பிள்ளைகளின் இரத்தத்தில் பிறபொருளெதிரி மிகக் குறைவு. ஆனாலும் வைரசு நோய்கள் அவர்களை அடிக்கடி தாக்கவில்லை. அவர்களுடைய கலங்களில் எச்.ஐ.வி.யும் இன்புளுவென்சாவும் சரியாகப் பெருகவே முடியவில்லை! ஆனால் அதற்கு அந்தப் பிள்ளைகள் கொடுத்த விலை பெரிது: வளர்ச்சிக் குறைபாடு, நரம்புக் கோளாறு. ஆகவே மருந்து என்றால் சில நாட்களுக்கு மட்டும், அளவோடு.

இதில் இன்னொரு வசதியும் உண்டு. டெங்குவில் 4 வகை. வைரசின் புரதத்தைக் குறிவைத்தால் அது உருமாறித் தப்பிவிடும். நம் நொதியமோ அப்படி மாறுவதில்லை. நான்கு வகைக்கும் தேவைப்படுவது அதே கத்தரிக்கோல்தான்.

ஆஸ்திரேலிய மரமொன்றின் விதையில் கிடைத்த சேர்மத்திலிருந்து உருவான செல்கோசிவிர் என்ற மருந்து இந்தக் கத்தரிக்கோலைத்தான் தடுக்கிறது. அது டெங்கு கண்ட எலிகளைக் காப்பாற்றியது. 2012–13இல் சிங்கப்பூரில் 50 நோயாளிகளிடம் சோதித்தார்கள். பெரிய கெடுதல் இல்லை. ஆனால் காய்ச்சலும் வைரசின் அளவும் எதிர்பார்த்தபடி குறையவில்லை. மருந்தின் அளவும் கொடுக்கும் வேளையும் பிழைத்திருக்கலாம். இலக்கு பிழை என்று நான் நம்பவில்லை.

நம் நாட்டிலும் ஒரு உறவுக்காரர் இருக்கிறார்! சிங்களத்தில் கோதலஹிம்புட்டு எனப்படும் கொடியின் கட்டையைக் குடைந்த குவளையில் நீர் ஊறவைத்து, நீரிழிவுக்குக் குடிப்பார்கள். அதிலுள்ள சலசினோல் தடுப்பதும் குளுக்கோசிடேசைத்தான். ஆனால் அது குடலில் உள்ள வேறு குளுக்கோசிடேசு. டெங்குக்கு மருந்தென்று எண்ணி யாரும் அதைக் குடிக்க வேண்டாம்.

டெங்கு வைரசை நேரடியாக அடக்கும் மருந்து இன்னும் நம் வைத்தியசாலைகளுக்கு வரவில்லை. காய்ச்சலுக்குப் பரசிற்றமோல் மட்டும் போதும். அஸ்பிரின், இபுபுரூபன் தொடவே வேண்டாம். மூன்றாம் நாளும் காய்ச்சல் விடாவிட்டால் இரத்தப் பரிசோதனை செய்து வைத்தியரிடம் காட்டுங்கள்.