விறகு மெஷின் வாங்கப் போறீங்களா? விரலையும் கணக்கில் சேருங்க!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் பக்கம் காலையில் நடந்து போனால் தறிச் சத்தம் கேட்கும். கூடவே எங்கேயோ விறகு எரிகிற வாசனையும் வரும். வீட்டுக்கு வீடு கேஸ் அடுப்பு வந்துவிட்டது. ஆனாலும் இந்த ஊரை விட்டு விறகு முழுசாகப் போகவில்லை.

காரணம் இருக்கு. பட்டு நூலுக்குச் சாயம் போடுவதற்கு முன், சோப்புத் தண்ணீரில் கொதிக்க வைத்து அதன் மேல் இருக்கும் பசையை எடுக்க வேண்டும். கச்சாப் பட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்தப் பசைதான். அதற்குப் பிறகு சாயத் தொட்டிக்கும் சூடான தண்ணீர் தேவை. இது போக வீட்டில் குளிக்க வெந்நீர், விசேஷ நாளில் பெரிய பாத்திரச் சமையல், கோயில் மடப்பள்ளி என்று விறகுக்கு வேலை இருந்துகொண்டே இருக்கிறது.

முன்பு விறகு தொட்டியில் சொன்னால் கோடரியோடு ஆள் வருவார். இப்போது போனில் ஒரு வீடியோ வருகிறது. கனமான கட்டை நொடியில் இரண்டாகப் பிளக்கிறது. கீழே "இப்போதே வாங்குங்கள்" என்று ஒரு பட்டன். விலையும் கம்மி. நாமே பண்ணிடலாமே என்று தோன்றும்.

மெஷினே வேண்டாம் என்று இந்தக் கட்டுரை சொல்லவில்லை. எந்த மெஷின், யார் கையில், எப்படி? வாங்குவதற்கு முன் இந்த மூன்றையும் யோசிக்கச் சொல்கிறது. காஞ்சிபுரத்தில் பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பத்து விரல்கள். அறுந்த இழையைப் பிணைப்பது, நாடா தள்ளுவது, கோர்வை போடுவது எல்லாமே விரல் நுனியில் நடக்கும் வேலை. ஒரு விரல் நுனி போனாலும் தறியில் பழையபடி உட்கார முடியாது. விறகில் மிச்சமாகும் கூலியை இதோடு ஒப்பிட்டுப் பாருங்க.

முதலில், மரம் உங்களுடையதா?

2016 டிசம்பரில் வர்தா புயல், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல். வடதமிழ்நாட்டில் ஒவ்வொரு பெரிய புயலுக்குப் பிறகும் சாய்ந்த மரங்களை வெட்டுகிற சத்தம் பல நாள் கேட்கும். வெட்டத் தொடங்கும் முன் இதைப் பாருங்க:

• தெருவில் விழுந்த மரம் உங்கள் வாசலில் கிடந்தாலும் அது உங்கள் மரம் இல்லை. மாநகராட்சிக்கோ, மாவட்டக் கட்டுப்பாட்டு அறைக்கோ (1077) தகவல் சொல்லுங்க.

• பொது இடத்தில் நிற்கும் மரத்தை வெட்டுவது பற்றி மாவட்ட பசுமைக் குழுதான் முடிவெடுக்கும். ஏரிக்கரையில் இருக்கும் சீமைக்கருவேலம் கூட, 'களைதானே' என்று நாமே போய் வெட்டக் கூடாது.

• பனை மரம் சொந்த நிலத்தில் நின்றாலும் மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும். 2021-ஆம் ஆண்டு வேளாண் நிதிநிலை அறிக்கையில் இது அறிவிக்கப்பட்டது. பனை நம் மாநில மரம். சந்தனம் என்றால் வனத்துறையைக் கேட்காமல் கை வைக்காதீங்க.

• மின்கம்பி மேல் மரமோ கிளையோ கிடந்தால் கிட்டே போகவே வேண்டாம். மின்னகம் எண் 94987 94987. லைன் ஆஃப் ஆனதை மின்வாரிய ஊழியர் உறுதி செய்த பிறகுதான் மற்ற வேலை.

ஏன் பிளக்க வேண்டும்?

பச்சைக் கட்டையின் எடையில் பாதி வரைக்கும் தண்ணீர் இருக்கலாம். அதை அப்படியே அடுப்பில் வைத்தால், எரிகிற சூட்டில் பெரும்பங்கு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடும். மிச்சம் புகை. பட்டை ஈரத்தை வெளியே விடாது. அறுத்த முனையும் பிளந்த பக்கமும்தான் விடும். அதனால் ஒரு முழம் நீளத்துக்கு அறுத்து, நான்காகப் பிளந்து, தரையில் படாமல் காற்றோட்டமாக அடுக்கி, மேலே மட்டும் மூடி வையுங்க. சில மாதம் காய்ந்தால் குறைந்த விறகில் அதே வெந்நீர் கிடைக்கும், கண் எரிச்சலும் குறையும். அடுக்கிலிருந்து எடுக்கும்போது ஒரு குச்சியால் தட்டிவிட்டு எடுங்க. பாம்பும் தேளும் ஒளிந்துகொள்ள அது வசதியான இடம்.

எந்த மெஷின் என்ன செய்யும்?

ஆங்கிள் கிரைண்டரில் மாட்டும் மர பிளேடு, செயின்: இதை வாங்கவே வாங்காதீங்க. ஆன்லைனில் மலிவாகக் கிடைப்பது இதுதான். கம்பியும் டைல்ஸும் அறுக்க வைத்திருக்கும் சின்ன கிரைண்டர் நிமிடத்துக்கு 11,000 சுற்று வரை சுற்றும். அது தேய்த்து அறுக்கும் தட்டுக்காகச் செய்த கருவி. பல் வைத்த பிளேடை மாட்டினால், பல் மரத்தின் கணுவில் சிக்கிய நொடியில் மெஷின் உங்கள் பக்கம் எகிறும். பல கிரைண்டர்களில் சுவிட்சைத் தள்ளிப் பூட்டிவிட்டால், கை நழுவினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். செயின்சாவில் இருக்கும் பிரேக் இதில் கிடையாது.

பேட்டரி மினி செயின்சா: ஒரு கையில் பிடிக்கலாம் என்று விளம்பரம் சொல்லும். ஆபத்தும் அங்கேதான். இன்னொரு கை சும்மா இருக்காது, தானாகப் போய்க் கிளையைப் பிடிக்கும். அறுபடும் இடத்துக்கும் அந்தக் கைக்கும் சில அங்குலம்தான் இடைவெளி. சின்ன கிளைக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்க. கிளையைக் கையால் பிடிக்காமல் ஸ்டாண்டில் கட்டி அறுங்க.

செயின்சா: கட்டையைக் குறுக்குவாக்கில் துண்டு போடச் சரியான கருவி. ஆனால் பழகாத கைக்கு இல்லை. அதன் பார் நுனியின் மேல் பாதி மரத்தில் பட்டால் மெஷின் மேல் நோக்கி, முகத்தைப் பார்த்துத் துள்ளும். நீங்கள் உணர்வதற்கு முன்பே அது நடந்து முடிந்துவிடும்.

திருகுக் கூம்பு பிளப்பான்: மோட்டாரில் சுற்றும் கூம்பு திருகாணி மாதிரி கட்டைக்குள் இறங்கிப் பிளக்கும். வீடியோவில் பார்க்க அழகாக இருக்கும். லுங்கி, புடவைத் தலைப்பு, துப்பட்டா, தோளில் போட்ட துண்டு, அவிழ்ந்த கூந்தல், இவற்றில் எது மாட்டினாலும் ஆளையும் சேர்த்து இழுக்கும். கையுறை கூட இங்கே ஆபத்துதான்.

ஹைட்ராலிக் பிளப்பான்: கட்டையை மெதுவாக ஆப்பின் மேல் அழுத்தும். வீட்டு வேலைக்கு இருப்பதில் இது ஓரளவு பாதுகாப்பானது. இரண்டு கைகளாலும் லிவரைப் பிடித்தால்தான் ஓடும் மாடலைக் கேளுங்க. இரண்டு கையும் லிவரில் இருக்கும் வரை விரல் ஆப்புக்குப் போகாது. வேகமாக முடிக்கலாம் என்று ஒரு லிவரைக் கயிற்றால் கட்டிவிடும் வழக்கம் இருக்கு, அதைச் செய்யாதீங்க. கட்டை வைப்பவரும் லிவர் பிடிப்பவரும் ஒரே ஆளாக இருக்கணும். விபத்து பெரும்பாலும் 'நான் வைக்கிறேன், நீ ஓட்டு' என்று ஆரம்பிக்கும்.

வாங்குவதை விட வாடகை நல்லது

ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு எத்தனை நாள் விறகு பிளக்கும் வேலை வரும்? சில நாள்தான். அதற்குப் பழகின ஆளையும் மெஷினையும் சேர்த்தே கூப்பிடுங்க. விறகு தொட்டியிலோ மர வாடியிலோ கேட்டால் ஆள் கிடைப்பார். பக்கத்து நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரே நாளில் முடித்தால் செலவு பிரியும். தொட்டியிலேயே பிளந்த விறகாக வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

வருபவர் ஹெல்மெட், கண்ணாடி, ஷூ இல்லாமல் வந்தால் வேலை தொடங்கும் முன் கேளுங்க. அவர் விரலும் விரல்தான். அமைப்புசாரா தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்றும் கேட்டுப் பாருங்க. இல்லையென்றால் உங்கள் போனிலேயே அவருக்கு உதவலாம்.

நீங்களே ஓட்டுவதானால்

1. பேன்ட், உடம்பை ஒட்டிய சட்டை, மூடிய ஷூ, கண்ணாடி, காது மூடி. லுங்கியோடு கிட்டே வராதீங்க.

2. கட்டையை எக்ஸ் வடிவ ஸ்டாண்டில் வைத்து அறுங்க. காலால் மிதித்துக்கொண்டு அறுக்கவே கூடாது.

3. செயின்சாவை இரண்டு கையாலும் பிடிங்க. இடது கட்டைவிரல் முன் கைப்பிடியைச் சுற்றி இருக்கணும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்காதீங்க. நடக்கும்போது செயின் பிரேக் போட்டிருக்கணும்.

4. குழந்தைகளும் மற்றவர்களும் குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கட்டும். நெருக்கமான தெருவில் அவ்வளவு இடம் இல்லையென்றால் அங்கே வேலையே வேண்டாம்.

5. பெட்ரோல் மெஷின் ஆறிய பிறகுதான் பெட்ரோல் ஊற்றணும். ஊற்றிய இடத்திலிருந்து 3 மீட்டர் தள்ளிப் போய் ஸ்டார்ட் பண்ணுங்க. பக்கத்தில் பீடி, சிகரெட், அடுப்பு கூடாது.

6. கரன்ட் மெஷின் என்றால் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.டி., அதாவது உயிர்காக்கும் சாதனம் உள்ள லைனில் மட்டும் சொருகுங்க. ஈரத் தரையில் வேண்டாம். வயர் எப்போதும் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும்.

7. சிக்கிக்கொண்டால் முதலில் சுவிட்சை அணைத்து, பிளக்கையோ பேட்டரியையோ கழற்றுங்க. கை அதற்குப் பிறகுதான்.

8. இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை வேண்டாம். குடியிருப்புப் பகுதியில் பகல் நேர ஒலி வரம்பே 55 டெசிபல்தான். பெட்ரோல் செயின்சா ஓட்டுபவர் காதில் 100 டெசிபலைத் தாண்டும்.

ஆன்லைனில் வாங்கும்போது

விற்பவரின் பெயர், முகவரி, பொருள் எந்த நாட்டில் தயாரானது ஆகிய விவரங்களைக் காட்ட வேண்டும் என்று 2020-ஆம் ஆண்டின் மின் வணிக விதிகள் சொல்கின்றன. இவை இல்லாத பக்கத்தை மூடிவிடுங்க. ஹெல்மெட், ஷூ போன்றவற்றில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருந்தால், அதோடு இருக்கும் உரிம எண்ணை 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் போட்டு உண்மையா என்று பார்க்கலாம். ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. பில்லையும் பெட்டியின் போட்டோவையும் வைத்திருங்க.

விரல் துண்டாகிவிட்டால்

பதறாமல் இதைச் செய்யுங்க. மெஷினை அணையுங்க. காயத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து, கையை நெஞ்சுக்கு மேல் தூக்கி வையுங்க. காபித் தூள், மஞ்சள் தூள் எதுவும் போட வேண்டாம். 108-க்குக் கூப்பிட்டு, "விரல் துண்டாகிவிட்டது" என்று தெளிவாகச் சொல்லுங்க.

துண்டான விரலைத் தூக்கிப் போடாதீங்க. அழுக்கிருந்தால் சுத்தமான தண்ணீரில் லேசாகக் கழுவி, ஈரமான சுத்தத் துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக்கக் கட்டுங்க. அந்தப் பையை ஐஸ் கலந்த தண்ணீரில் வையுங்க. விரல் நேராக ஐஸில் படக் கூடாது, பட்டால் சதை கெட்டுவிடும். துண்டு நல்ல நிலையில் இருந்து சீக்கிரம் போய்ச் சேர்ந்தால், மருத்துவர்களால் அதை மீண்டும் இணைக்க முடியலாம். சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் கை அறுவைசிகிச்சைப் பிரிவு இந்தத் துறையில் நாடறிந்தது. எங்கே போக வேண்டும் என்பதை 108 ஊழியரும் முதலில் பார்க்கும் மருத்துவரும் சொல்வார்கள். காப்பீட்டு அட்டை கையில் இருந்தால் எடுத்துக்கொள்ளுங்க. அதைத் தேடி நேரத்தை விடாதீங்க.

காப்பீடு எவ்வளவு தாங்கும்?

வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடித்துக்கொள்ளும் பிரதம மந்திரி சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் சேரலாம். விபத்தில் உயிரிழந்தால் 2 லட்சம் ரூபாய், ஒரு கையோ காலோ முழுமையாகப் போனால் 1 லட்சம் ரூபாய். கட்டாயம் சேருங்க. ஆனால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்க. ஒரு விரல் போனால் இதில் பணம் கிடையாது. கைத்தறி நெசவாளர்கள் தங்களுக்கான நல வாரியத்தில் பதிவு செய்திருக்கிறோமா, புதுப்பித்திருக்கிறோமா என்றும் பார்த்துக்கொள்ளுங்க. விபத்தில் ஊனம் ஏற்பட்டால் அதன் அளவைப் பொறுத்து உதவித்தொகை கேட்க அந்தப் பதிவு வேண்டும்.

எந்தப் பணம் வந்தாலும் விரல் திரும்பி வராது. நெசவு செய்யும் கை வீட்டில் இருந்தால், விறகு மெஷினைப் பழகின ஆள் கையில் கொடுங்க.

போனில் சேமித்து வைக்க:
ஆம்புலன்ஸ்: 108
தீயணைப்பு: 101
அவசர உதவி: 112
மருத்துவ ஆலோசனை: 104
மின்னகம்: 94987 94987
மாவட்டக் கட்டுப்பாட்டு அறை: 1077
முதல்வரின் முகவரி: 1100
நுகர்வோர் உதவி: 1915